பூட்டில்லாத கூடாரம்

"இதுக்குப் பூட்டு எங்கடி இருக்கு?"

பாண்டீஸ்வரி கேட்டதும் போன் திரைக்குள் இருந்த மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு பவதாரிணி, கம்ப்யூட்டரில் ஓடும் படங்களை ஒவ்வொன்றாக அம்மாவுக்கும் அப்பாவுக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். அப்போது காட்டியது கென்யாவில் மசாய் மாரா என்கிற காட்டுக்குள் அடித்திருந்த ஒரு கூடாரம். பெயருக்குத்தான் கூடாரம். உள்ளே இரட்டைக் கட்டில், பஞ்சு மெத்தை, நிலைக்கண்ணாடி, வெந்நீர் வருகிற குளியலறை என்று கல்யாண மண்டபத்து மாப்பிள்ளை அறையில் உள்ளதெல்லாம் இருந்தது. சுவர் மட்டும் இல்லை. சுவர் இருக்கவேண்டிய இடத்தில் காக்கித் துணியும் கதவு இருக்கவேண்டிய இடத்தில் நீளமாக ஒரு ஜிப்பும் இருந்தன.

"காட்டுக்குள்ள பூட்டு எதுக்கும்மா? ஜிப்ப இழுத்துவிட்டுட்டுப் படுக்க வேண்டியதுதான். சுத்தி வேலியே கெடையாதாம். ராத்திரி யானை, வரிக்குதிரையெல்லாம் பக்கத்துலயே வந்து மேயுமாம். அதுதாம்மா இங்க ஸ்பெஷலே."

"சிங்கம்?"

"அதுவும்தான் வரும். இருட்டுனதுக்கப்புறம் நம்ம வெளிய வரக் கூடாது, அம்புட்டுத்தான். அவசரம்னா விசில் ஊதணும். ஈட்டி வச்சுக்கிட்டு ஒரு ஆளு வந்து கூட்டிட்டுப் போவாரு."

பக்கத்தில் உட்கார்ந்து அவித்த கடலையை உரித்துக்கொண்டிருந்த ஜெயபாண்டி தலையை நீட்டினார். "நம்ம எதுக்கு ஆத்தா ராத்திரியில வெளிய வரப்போறோம்? படுத்தா விடியத்தான எந்திரிப்போம்," என்றார்.

அதைக் கேட்டதும் பாண்டீஸ்வரிக்கு அங்கே உட்கார முடியவில்லை. கடலைத் தோலைக் கூட்டி அள்ளுகிற சாக்கில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே நின்று செம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தாள். தாகம் தணிந்ததே தவிரப் பயம் தணியவில்லை.

ஜெயபாண்டி அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவர். சர்வீஸில் பெரும்பகுதி ராத்திரி வண்டிதான். ஊரெல்லாம் குறட்டை விடுகிற நேரத்தில் மதுரையில் ஏற்றிய கூட்டத்தைச் சென்னையில் விடியக் காலையில் எழுப்பி இறக்கிவிடுவார். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட அடித்ததில்லை என்று டெப்போவில் பெயர். "ஜெயபாண்டி அண்ணன் வண்டியா? அப்பத் தூங்கலாம்," என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற வாடிக்கைப் பயணிகள் அவருக்கு இருந்தார்கள். இத்தனை பேரை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்த மனுஷன் தானாக எந்த ஊருக்கும் போய்ப் பார்த்ததில்லை. அதனால்தான் ஓய்வுபெற்ற அப்பாவுக்கும், காலமெல்லாம் அவர் வீடு திரும்பக் காத்திருந்த அம்மாவுக்கும் பெரிதாக ஏதாவது செய்துவிட வேண்டும் என்று மகளும் மருமகனும் சேர்ந்து இந்த ஆப்பிரிக்காவைக் கண்டுபிடித்தார்கள். அவர்களும் கூட வருகிறார்கள்.

லீவு கொஞ்சம்தான் கிடைத்திருந்தது. காட்டுக்கும் போய்க் கடலுக்கும் போக நாள் பத்தாது. ஒன்று மசாய் மாராவில் கூடாரத்தில் தங்கி ஜீப்பில் சுற்றுவது. இல்லாவிட்டால் ஜான்சிபார் என்ற தீவில், கடற்கரையில் கல்வீடு எடுத்துத் தங்குவது. எது வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் டிக்கெட் போட்டுவிடலாம். ஜெயபாண்டிக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. கூரையைத் திறந்துவிட்ட ஜீப், ரோடே இல்லாத புல்வெளி, குறுக்கே கூட்டமாக ஓடுகிற மாடு மாதிரி ஏதோ ஒன்று. அந்த ஜீப் டிரைவர் கியர் மாற்றுகிற அழகைப் பார்ப்பதற்காகவே ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். "நாலு சக்கரமும் தனித்தனியா இழுக்கும் ஈஸ்வரி. சேத்துல எறங்குனாலும் ஏறி வந்துரும்," என்று சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாண்டீஸ்வரிக்குப் பயம் சிங்கத்தைப் பற்றி இல்லை. மகளுக்குச் சொல்ல முடியாத, கட்டிய புருஷனிடமே சொல்ல முடியாத பயம் அது. ஜெயபாண்டி தூக்கத்தில் எழுந்து நடந்தார்.

போன கார்த்திகையில் ஆரம்பித்தது. நடுச்சாமத்தில் எழுந்து ஆணியில் தொங்கும் சட்டையை எடுத்துப் போட்டு, பித்தானைச் சரியாக மாட்டி, சாப்பாட்டுப் பை எங்கே என்று தேடுவார். கண் திறந்தே இருக்கும். பிறகு கதவைத் திறந்து வெளியே போய்விடுவார். முதல் தடவை பாண்டீஸ்வரி பின்னாலேயே ஓடினாள். திருப்பரங்குன்றத்துக்குப் பின்பக்கம் அவர்கள் தெரு முடிந்து ரயில் தண்டவாளம் ஆரம்பிக்கிற இடம் வரை போய், அங்கே நின்று இடதும் வலதும் பார்த்தார். டூட்டிக்குப் போகிறார் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. கையைப் பிடித்து மெதுவாகத் திருப்பியபோது பசுமாடு மாதிரி கூடவே வந்து படுத்துக்கொண்டார். காலையில் எழுந்து, நல்ல தூக்கம் என்று சொல்லிச் சோம்பல் முறித்தார். முப்பது வருஷம் தூக்கத்தை விரட்டி விரட்டி வண்டி ஓட்டியவரைத் தூக்கம் இப்போது பழிவாங்குகிறதோ என்னவோ.

அன்றிலிருந்து வாசற்கதவைப் பூட்டிச் சாவியை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, கதவுக்குக் குறுக்கே பாயை விரித்துப் படுத்தாள். கேட்டதற்கு, தரையில் படுத்தால்தான் இடுப்பு வலி கேட்கிறது என்றாள். அவரும் நம்பி, ஆரப்பாளையத்தில் தைலம் வாங்கி வந்து கொடுத்தார்.

தை மாதத்தில் ஒரு ராத்திரிதான் அது நடந்தது. எழுந்து வந்தவர் கதவை உலுக்கினார். அவள் எழுந்து குறுக்கே நின்று, "போயிப் படுங்க," என்றாள். அவர் அவளைப் பார்த்தார். யாரையோ பார்க்கிற மாதிரி பார்த்தார். "படியில நிக்காதம்மா, உள்ள போம்மா," என்றார். கோபமே இல்லாத குரல். கூட்டமான வண்டியில் பயணிகளிடம் பேசுகிற அதே குரல். அவள் நகரவில்லை. அவருடைய வலது கை வந்து அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு வைத்து அழுத்தியது. ஸ்டீயரிங் பிடித்துக் காய்ப்பேறிய கை அது. கத்தக் குரல் வரவில்லை. முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் அவர் முகம் சாந்தமாக இருந்தது. "நேரமாச்சும்மா, உள்ள போம்மா," என்று சொல்லிக்கொண்டே இன்னும் அழுத்தினார். அடுப்படி ஜன்னலில் இருந்து ஏதோ பாத்திரம் உருண்டு விழுந்த சத்தத்தில் கை தளர்ந்தது. திரும்பிப் போய்ப் படுத்துவிட்டார்.

ஒரு வாரம் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு திரிந்தாள். சளி என்றாள். அவர் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார். கழுத்தை நெரித்த கையே ஆற்றிக் கொடுத்த ரசத்தை வாங்கிக் குடித்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. அவர் காரம் என்று நினைத்துத் தண்ணீர் மொண்டு வந்தார்.

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை எழுந்தார். அவள் குறுக்கே நிற்காமல் ஒதுங்கி நின்று, அவர் பூட்டை உலுக்கி ஓயும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருந்தாள். ஒருநாள் மருந்துக்கடையில், பக்கத்துத் தெருவில் ஒருத்தருக்கு இப்படி இருக்கிறதாம் என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தாள். நரம்பு டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? தன் கை தன் பேச்சைக் கேட்காது என்று தெரிந்தால் அந்த மனுஷன் இருந்த இடத்திலேயே ஒடிந்துபோவார். ஊர் வாயை வேறு கேட்கவே வேண்டாம். ஒரு பஸ் நிறைய ஜனம் அவரை நம்பிக் கண்ணை மூடித் தூங்கியது. தாலி கட்டிய தன்னால் அவர் பக்கத்தில் கண்ணை மூட முடியவில்லை என்று அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

இந்த நிலைமையில்தான் ஆப்பிரிக்கா வந்து சேர்ந்தது. முட்டி வலி என்றாள். நடக்கவே வேண்டாம், எல்லாம் வண்டிதான் என்றாள் மகள். சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்றாள். அங்கே குஜராத்திக்காரர்கள் ஹோட்டல் தெருவுக்குத் தெரு இருக்கிறது என்றாள் மகள். பாஸ்போர்ட் வராமல் போகட்டும் என்றுகூட வேண்டிப் பார்த்தாள். விசாரிக்க வந்த போலீஸ்காரரோ, "அட, நம்ம ஜெயபாண்டி அண்ணனா!" என்று உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார். அந்த வாரமே பாஸ்போர்ட் வந்துவிட்டது.

சரி, போய்த்தான் ஆகவேண்டும் என்றால் எது? அவள் மனசு ராப்பகலாக இரண்டையும் எடைபோட்டது. மகள் எதையெல்லாம் அழகு என்று காட்டினாளோ அதெல்லாம் அவளுக்கு ஆபத்தாகத் தெரிந்தது. கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே நல்ல தூரம், தனிமை கிடைக்கும் என்றாள் மகள். அப்படியானால் தான் கத்தினாலும் கேட்காது. ஜிப்பை இழுத்துத் திறக்கச் சின்னப்பிள்ளைக்கே ஒரு நொடி போதும். திறந்து வெளியே போனால் புல்வெளி. குறுக்கே நின்று மறித்தால் அந்தக் கை. விசிலை எடுத்து வாயில் வைக்க நேரம் கொடுக்குமா அந்தக் கை? ஜான்சிபாரிலும் பயம் இல்லாமல் இல்லை. படியிறங்கினால் மணல், மணலைத் தாண்டினால் கடல். அந்தக் கடல் ஒரு நேரத்தில் கண்ணுக்கெட்டாத தூரம் உள்வாங்கிவிடுமாம். பெண்கள் பாசி எடுக்க நடந்தே போவார்களாம். பிறகு தண்ணீர் திரும்பி வருமாம். அவர் நடந்துகொண்டே இருக்கும்போது தண்ணீர் திரும்பி வருவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குச் சுவர் இருந்தது. பவதாரிணி ஊருக்கு அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, மரக்கதவில் பித்தளைப் பூட்டு இருப்பதையும் அவள் கண்டுபிடித்துவிட்டாள். மகள் மருமகன் அறையும் அதே வீட்டுக்குள்தான்.

"கடலுக்கே போவோம்," என்றாள்.

"கடல ராமேஸ்வரத்துலயே பாத்துக்கிரலாம்," என்றார் ஜெயபாண்டி. பேச்சு இழுபட்டுக்கொண்டே போனது. மகள் டிக்கெட் விலை ஏறுகிறது என்று அவசரப்படுத்தினாள். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "பூக்கட்டிப் பாத்துருவோம். நம்ம கருப்பசாமி என்ன சொல்லுதோ அதுதான். நீயும் பேசக் கூடாது, நானும் பேசக் கூடாது."

அவர்கள் குடும்பத்தில் நிலம் வாங்கவும் பெண் எடுக்கவும் அப்படித்தான். இரண்டு பொட்டலத்தில் இரண்டு நிறப் பூவைக் கட்டிச் சாமி காலடியில் வைத்து, விவரம் தெரியாத பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எடுத்த பூவுக்கு மறுபேச்சு கிடையாது. செவ்வரளி வந்தால் மசாய் மாரா, வெள்ளை அரளி வந்தால் ஜான்சிபார் என்று பேசிக்கொண்டார்கள். கருப்பசாமியிடம் இதுவரை யாரும் இப்படி ஒரு கேள்வியைக் கொண்டுபோயிருக்க மாட்டார்கள்.

பொட்டலம் கட்டுவது வீட்டுப் பொம்பளையின் வேலை. பாண்டீஸ்வரி தலைக்குக் குளித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். வாழையிலை நறுக்கில் வெள்ளை அரளியை வைத்து நாரால் கட்டினாள். அடுத்த நறுக்கை எடுத்தாள். செவ்வரளி தட்டில் சும்மா கிடந்தது. அவள் கை போய் இன்னொரு வெள்ளை அரளியை எடுத்தது. நார் முடிச்சு விழாமல் நழுவி நழுவிப் போனது. 'குத்தம் என்னையச் சேரட்டும். என் கண்ணப் பிடுங்கிக்க. அவர ஒண்ணும் செய்யாத,' என்று சாமியிடம் சொல்லிக்கொண்டே கட்டி முடித்தாள். செவ்வரளியை அடுப்புக்குள் போட்டாள். பச்சைப் பூ எரியாமல் புகைந்தது.

குலசாமி கோயில் செக்கானூரணிக்கு மேற்கே, ஊருணிக் கரையில் இருந்தது. பைக்கில் போனார்கள். பூசாரி பேயாண்டி பொட்டலங்களை வாங்கிக் காலடியில் வைத்தார். விஷயத்தைக் கேட்டதும், "ஆப்பிரிக்காவா? நம்ம அய்யாவுக்குத் தெரியாத காடா, கடலா? கேளு, சொல்லுவாரு," என்று மணியடித்தார். காதுகுத்துக்கு வந்திருந்த வீட்டில் ஒரு சின்னப்பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். அது இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்தது. பேயாண்டி பிரித்தார்.

"வெள்ளை! உத்தரவு ஆயிருச்சு. கடலுக்குப் போங்கப்பா."

ஜெயபாண்டியின் முகம் விழுந்தது. ஆனால் மறுபேச்சுப் பேசாமல் கையெடுத்துக் கும்பிட்டார். பூசாரி மற்ற பொட்டலத்தை அவரிடம் கொடுத்து, "இதப் பிரிக்காம ஊருணியில விட்டுருங்க," என்று சொல்லிவிட்டுக் காதுகுத்துக்காரர்களைக் கவனிக்கப் போனார்.

கரையில் வேப்பமரத்தடியில் இருவரும் நின்றார்கள். பாண்டீஸ்வரிக்கு அந்தப் பொட்டலம் தண்ணீரில் விழுந்துவிட்டால் போதும் என்றிருந்தது. ஜெயபாண்டி அதைக் கையில் வைத்து உருட்டினார்.

"போடுங்க," என்றாள்.

"போடுறேன். என் செவப்பு எப்படித்தான் இருந்துச்சுன்னு ஒருக்காப் பாத்துக்கிறேனே," என்று சின்னப்பையன் மாதிரி சிரித்துக்கொண்டு, அவள் தடுக்கும் முன்னே நாரை இழுத்துவிட்டார்.

இலைக்குள் இருந்த பூவை விரலால் புரட்டிப் பார்த்தார்.

"ஈஸ்வரி, இதுவும் வெள்ளையா இருக்கு."

அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

"சாமி காரியத்துல போயி..." அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "சிங்கத்துக்கு அம்புட்டுப் பயமா உனக்கு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விட்டுருப்பேனே."

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பின்னால் கோயில் மணி அடித்தது. அதே சாமி முன்னால் இன்னொரு பொய் சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

"சிங்கத்துக்கு இல்லைங்க. நீங்க தூக்கத்துல எந்திரிச்சு நடக்குறீங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"எப்ப இருந்து?"

"கார்த்திகையில இருந்து."

"எங்க போறேன்?"

"டூட்டிக்கு. சட்டையப் போட்டுக்கிட்டு, சாப்பாட்டுப் பையத் தேடிக்கிட்டு. ஒருநா தண்டவாளம் வரைக்கும் போயிட்டீங்க."

ஜெயபாண்டி வேப்பமரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். நெற்றியில் பூசியிருந்த திருநீறு வேர்வையில் கரைந்து இறங்கியது. "அப்ப இடுப்பு வலி இல்லையா உனக்கு?" என்றார்.

"இல்ல."

"கதவுக்குக் குறுக்கதான படுக்குற." அவர் ஒவ்வொரு வார்த்தையாக யோசித்து யோசித்துப் பேசினார். இருட்டில் பழக்கமில்லாத ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர் மாதிரி இருந்தது அது. "அப்ப நான் எந்திரிச்சு வந்தா உன்னையத் தாண்டித்தான போகணும்."

அவள் குனிந்து காலடியில் கிடந்த நாரை எடுத்தாள்.

"உன்னைய எதும் செஞ்சனா, ஈஸ்வரி?"

"இல்லைங்க," என்றாள் உடனே. "ஒண்ணுமே இல்ல. போயிப் படுங்கன்னா சின்னப்புள்ள மாதிரி போயிப் படுத்துக்கிருவீங்க."

அவர் நெஞ்சில் அடைத்திருந்த மூச்சு பெரிதாக வெளியே வந்தது. நம்பிவிட்டார். அவளுக்கும் அப்பாடா என்றிருந்தது. சாமியை இரண்டாம் தடவையும் ஏமாற்றியாகிவிட்டது, ஆனால் மனுஷன் பிழைத்தார். கோயில் பக்கம் காதுகுத்துகிற பிள்ளை வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. அவர் மடியில் இருந்த போன் அடிக்க ஆரம்பித்தது. பவதாரிணிதான், சாமி என்ன சொன்னது என்று கேட்கக் காத்திருப்பாள்.

"மகதான்," என்று சொல்லிப் போனை எடுக்கப் போனவர், அவள் கழுத்தோரம் கட்டெறும்பு ஒன்று ஏறுவதைப் பார்த்தார். மரத்திலிருந்து விழுந்திருக்க வேண்டும். "ஆடாம நில்லு, கடிச்சுரும்," என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே தட்டிவிட வலது கையை நீட்டினார்.

பாண்டீஸ்வரி பின்னால் பாய்ந்தாள். இரண்டு கைகளும் தாமாகவே மேலே வந்து கழுத்தை மூடிக்கொண்டன. குதிகால் ஊருணித் தண்ணீருக்குள் இறங்கிச் சேலைக் கரை நனைந்தது. கண்ணை இறுக மூடியிருந்தாள். வாய் மட்டும், "போறேங்க, உள்ள போறேங்க," என்று முணுமுணுத்தது.

திறந்து பார்த்தபோது அவர் அதே இடத்தில் நின்றிருந்தார். நீட்டிய கை நீட்டியபடியே அந்தரத்தில் இருந்தது. அதைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். எறும்பு அவள் விரல்களின் மேல் ஏறிக் கழுத்தின் மறுபக்கம் இறங்கியது. கடித்தது. அவள் அசையவில்லை. போன் நின்று மறுபடியும் அடித்தது.

ஜெயபாண்டி இரண்டு கைகளையும் மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வேட்டி மடியில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.